மார்கழியில் வடகம் போட்டவள்

1

“ஏட்டி ரெங்கம்மா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? காலங்காத்தால போனைப் போட்டு, ‘சீனி, ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாமே’ன்னு என்கிட்டயே கேக்க. புத்தி பேதலிச்சவகிட்டப் போயி யாராச்சும் அதைக் கேப்பாங்களா? பேதலிச்சது எனக்கா, ஒனக்கா?”

ராஜபாளையத்தில் என் எதிர்வீட்டுக்காரி ரெங்கம்மாவை இப்படித்தான் திட்டினேன். திட்டினால் போனை வைத்துவிடுகிற ஆளா அவள்? வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம் அது. என்னோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே தமிழில் தேறிவிட்டாள்.

“கோவப்படாத சீனி. பாகுன்னாவா, நல்லா இருக்கியான்னு கேக்கத்தான் போட்டேன். ஒன்னைய ஆம்புலன்ஸ்ல ஏத்துற போட்டோ இங்க தெரு பூராவும் வந்துருச்சு. அது கெடக்கட்டும். நீ மார்கழி மாசத்துல வடகம் போட்டியாமே? அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்துருச்சு.”

பார்த்தீர்களா? ஆம்புலன்ஸ் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. வயசானவளை ஆம்புலன்ஸில் ஏற்றுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். பனி கொட்டுகிற மார்கழியில், கோலம் போட்டு முடித்துக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிற மாதத்தில், ஒருத்தி கூழ் காய்ச்சி வடகம் ஊற்றினாள் என்றால் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. எங்கள் தெருவின் கணக்கு அது. அந்தத் தெருவில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருப்பேன்.

ஆகவே, தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடிக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொருத்திக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன். பிறகு எது நடந்தது என்று எனக்கே குழம்பிப் போகும்.

2

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். வாக்கப்பட்டது ராஜபாளையம். ஒரே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டுக்காரியின் குடும்பக் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். அவ்வளவுதான் என் பயணமெல்லாம். என் வீட்டுக்காரர் காலமான பிறகு மகள் வசந்தி என்னை மெல்போர்னுக்குக் கூட்டி வந்தாள். சில வருஷங்கள் ஆகிவிட்டன.

வசந்தி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மறதி நோய் வந்தவர்கள் இருக்கிற பக்கம் அவளுக்கு டூட்டி. மருமகனுக்கு இதே நாட்டின் இன்னொரு கோடியில் சுரங்க வேலை. வரும்போதெல்லாம் ஒரு மூட்டை அழுக்குத் துணியும் ஒரு மூட்டைத் தூக்கமும் கொண்டுவருவார். பேத்தி மீரா பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். சின்ன வயதில் என் மடியைவிட்டு இறங்கமாட்டாள். இப்போது அவள் அறைக் கதவைத் தட்டி அனுமதி வாங்க வேண்டும். விசா ஆபீஸ்கூட அவ்வளவு கறார் இல்லை.

விசா என்றதும் ஞாபகம் வருகிறது. நான் இங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கு எழுதிப் போட்டிருக்கிறோம். வரிசை மிக நீளமாம். ஆபீஸிலிருந்து வந்த பதிலை மீராதான் படித்துச் சொன்னாள்.

“அம்மாச்சி, இது கிடைக்கறதுக்கு எத்தனையோ வருஷம் ஆகுமாம். உங்களுக்கு நூறு வயசுகூட ஆயிடும்.”

“நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் நான் சாக முடியாது. கவர்மெண்டே சொல்லிருச்சு.”

பக்கத்து வீட்டில் எலேனி என்று ஒரு கிரேக்கக் கிழவி இருக்கிறாள். அவளும் தனியாள். எனக்குக் கிரேக்கம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் எதில் பேசுவது என்ற குழப்பம் இல்லாமல் வாய்க்கு வந்ததில் பேசிக்கொள்வோம். அவள் தக்காளி கொடுப்பாள். நான் கறிவேப்பிலை கொடுப்பேன். அதை என்ன செய்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் செய்திதான் நொறுக்குத் தீனி. வசந்தி டூட்டி முடிந்து வந்ததும் போனில் தமிழ்ச் செய்தி பார்ப்பாள். “பாரும்மா, தனியா இருந்த கெழவி கழுத்துல கிடந்ததை அறுத்துட்டுப் போயிட்டானாம். இதுக்குத்தான் ஒன்னைய அங்க விடமாட்டேங்கேன்.” நான் இந்த ஊர் டிவியில் படத்தை மட்டும் பார்ப்பேன். காடு பற்றி எரியும், கார்கள் மிதக்கும், யாரையாவது போலீஸ் நாடாக் கட்டித் தேடும். “இங்க மட்டும் என்ன வாழுதாம்?” என்பேன். அவள் ஊரில் நடக்கிற கெட்டதை அவள் பார்ப்பதில்லை, என் ஊரில் நடக்கிற கெட்டதை நான் பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு ஊரின் கெட்டதை மாற்றி வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

இந்த மார்கழியில் பெரிய செய்தி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பதினாறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் போனில் படம் போட்டுப் பேசிக்கொள்கிற இடங்களுக்கெல்லாம் போகக்கூடாது என்று இந்த ஊர் கவர்மெண்ட் சட்டம் போட்டுவிட்டது. மீராவுக்குத் துக்கம். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் தட்டுதான் வெளியே வரும், ஆள் வரமாட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பதினாறுக்குக் கீழே இருப்பவர்களைக் கவர்மெண்ட் பார்த்துக்கொள்கிறது. எழுபதுக்கு மேலே இருப்பவர்களை மகள் பார்த்துக்கொள்கிறாள். நடுவில் இருக்கிற வசந்தியை யார் பார்க்கிறார்கள் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. வந்ததோடு சரி, அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

3

ஒருநாள் சாயங்காலம் டிவியில் வானிலை சொல்கிற பெண் இந்த ஊரை மிளகாய்ப் பழ நிறத்தில் தீட்டிவைத்துப் பேசினாள். விடுமுறை என்பதால் மீரா சோபாவில் சுருண்டு கிடந்தாள்.

“என்னட்டி சொல்லுதா அவ?”

“நாளைக்குப் பயங்கர வெயிலாம், அம்மாச்சி. நாப்பது டிகிரிக்கு மேலே. வயசானவங்க வெளியே வரக்கூடாது. ஜன்னலை மூடிட்டு உள்ளேயே இருக்கணும். தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

இத்தனையும் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். நாளைக்கு நல்ல வெயில்.

இந்த ஊரில் வெயிலை நம்ப முடியாது. காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மத்தியானம் போய்விடும். இப்படி ஒருத்தி டிவியில் வந்து, நாள் முழுக்க வெயில் நிற்கும் என்று அடித்துச் சொல்வது எத்தனை நாளைக்கு ஒருமுறை? கடையில் வாங்கின வடகத்தைப் பொரித்தால் ஏதோ அட்டைப்பெட்டியைப் பொரித்த மாதிரி இருக்கிறது. வசந்தி அதைக் கடித்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன்.

விடியுமுன்னே எழுந்தேன். வாசலில் சின்னதாக ஒரு கோலம். மார்கழி இல்லையா? பிறகு அரிசி மாவும் ஜவ்வரிசியும் போட்டுக் கூழ் காய்ச்சி, பச்சை மிளகாய் அரைத்துவிட்டு, சீரகம் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினேன். வசந்தி எனக்கு முன்பே டூட்டிக்குப் போய்விட்டாள். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டி ஒன்று இருக்கிறது. துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன வேட்டி. வடகத்துக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையில் அதை நனைத்து விரித்து, கரண்டியால் வரிசை வரிசையாக ஊற்றினேன். ராஜபாளையத்து மொட்டைமாடியை எடுத்து இங்கே வைத்த மாதிரி இருந்தது.

ஊரில் காக்காய்க்குக் கறுப்புத் துணி கட்டுவோம். இங்கே காக்காயைவிட மோசமான ஒன்று உண்டு. வெள்ளைக் கிளி. கோழி அளவு இருக்கும், தலையில் மஞ்சள் கொண்டை, தொண்டையோ துருப்பிடித்த கேட். எங்கள் ஆண்டாள் கையிலும் ஒரு கிளி இருக்கிறது. இலையில் செய்த பச்சைக் கிளி, வாயைத் திறக்காது. அந்த அடக்கத்தில் வளர்ந்தவள் நான். இந்தக் கிளிகள் மதில்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்து, பந்திக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி வேட்டியைப் பார்த்தன. நான் பாய் விரித்து, கறுப்புக் குடையை விரித்து, கையில் ஒரு குச்சியோடு காவலுக்கு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவள் எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை. நம் ஊர் வெயில் மெதுவாக வந்து தோளில் கை போடும். இந்த ஊர் வெயில் வந்ததும் கடிக்கும். தண்ணீர் குடிக்கவில்லை, அது நிஜம். தபால் கொண்டுவந்த பெண் பார்த்திருக்கிறாள். குடைக்கு வெளியே இரண்டு கால். பக்கத்தில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி. சுற்றிலும் பறவைகள். அவளும் பாவம், வேறென்ன நினைப்பாள்? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

கண்ணை முழித்தால் சீருடை போட்ட ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மீரா, தூங்கி எழுந்த தலையோடு.

“அம்மாச்சி, ஏன் வெயில்ல படுத்திருக்கீங்கன்னு கேக்கறாங்க.”

“படுக்கலட்டி. காவல் காக்கேன்னு சொல்லு.”

“எதுக்குக் காவல்னு கேக்கறாங்க.”

“வடகத்துக்கு.”

வடகத்துக்கு மீராவிடம் இங்கிலீஷ் இல்லை. கையை ஆட்டி, வானத்தைக் காட்டி, தரையைக் காட்டி, கிளிகளைக் காட்டி என்னவோ சொன்னாள். தரையில் சோற்றைக் கொட்டிவைத்துக்கொண்டு பறவைகளோடு மல்லுக்கட்டுகிற கிழவி என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். உடனே என்னைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்கள். மீரா அதைப் போட்டோ எடுத்தாள். படம் போடுகிற இடங்களைத்தான் கவர்மெண்ட் மூடிவிட்டதே. மிச்சம் இருந்தது எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப் ஒன்றுதான். அதில் போட்டாள். அங்கிருந்து ராஜபாளையம் போக எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே ரெங்கம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

வண்டிக் கதவை மூடும்போது ஒன்று பார்த்தேன். எலேனி தன் வீட்டுத் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, என் வேட்டிக்குப் பக்கத்தில் நின்று, கிளிகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கிரேக்கத்தில் வைதுகொண்டிருந்தாள். அது என்ன பண்டம், எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காயப்போட்டதைக் காக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

4

ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். வசந்தி டூட்டி உடுப்போடு ஓடிவந்தாள்.

“எம்மா, இது என்ன மாசம்?”

“மார்கழி.”

“மார்கழில யாராச்சும் வடகம் போடுவாங்களா?”

“இங்க வெயில் அடிக்குல்ல.”

“வெளிய போகாதன்னு டிவில சொன்னாங்கல்ல?”

“நான் எங்கட்டி வெளிய போனேன்? நம்ம வீட்டு வாசல்லதான் இருந்தேன்.”

வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“பொங்கல் கழிஞ்சு நீ ஊருக்குப் போயிரு. டிக்கெட்டு போட்டுட்டேன். அண்ணன் வீட்டுல நாலு பேரு இருக்காங்க. இங்க நான் டூட்டிக்குப் போனா ஒன்னைய யாரு பாப்பா?”

“திரும்பி வாரது எப்ப?”

“அதைப் பொறவு பாப்போம்.”

எங்கள் குடும்பத்தில் ‘பொறவு பாப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நானே அதைச் சொல்லித்தான் வளர்த்தேன். தோடு கேட்டால் பொறவு பாப்போம். பொருட்காட்சிக்குப் போகணும் என்றால் பொறவு பாப்போம்.

ஊருக்குப் போவது எனக்குக் கசக்கவில்லை. மகன் நல்லவன், மருமகள் அவனைவிட நல்லவள். ஆனால் நான் போய்விட்டால் மீரா பள்ளிக்கூடம் விட்டுப் பூட்டின வீட்டுக்குத்தான் வருவாள். வசந்தி ஆறின சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவாள். இன்னொன்றும் இருக்கிறது. வாட்ஸப் எனக்கு முன்னே போய் இறங்கிவிட்டது. இப்போது போனால் நான் சீனியம்மாளாகப் போகமாட்டேன். புத்தி பேதலித்து அனுப்பப்பட்டவளாகப் போவேன். அடுப்பைப் பற்றவைக்கப் போனால் கையைப் பிடிப்பார்கள். நான் சொல்கிற கேலிக்கெல்லாம் சிரிக்காமல் தலையை ஆட்டுவார்கள். என் கேலிக்குச் சிரிக்காத ஊரில் நான் என்ன செய்வது?

“இந்தா பாரு வசந்தி. ஒனக்குப் பாரமா இருக்கேன்னு அனுப்புனா போறேன். புத்தி கெட்டவன்னு அனுப்புனா போகமாட்டேன். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. அவிய சொல்லட்டும். எனக்குக் கெட்டுப் போச்சுன்னா நானே பெட்டியைக் கட்டுதேன்.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்கே இருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் வீட்டுக்காரருக்குக் கடைசி வருஷங்களில் மறதி வந்துவிட்டது. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு எத்தனையோ காலமான பிறகும் ஆலைச் சங்கு ஊதினால் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ரெங்கம்மாதான் தெருமுனையில் மறித்து, “இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க” என்று சொல்லிக் கூட்டிவருவாள். வசந்தி அப்போதும் இங்கேதான். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். ஒருநாள் டூட்டி உடுப்போடு பேசினாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இந்த நர்ஸம்மா யாரு? நல்லா நம்ம ஊருப் பேச்சு பேசுது.” நான் சிரித்து மழுப்பினேன். வசந்தியும் சிரித்தாள். சிரித்தவள் அப்புறம் வீட்டுக்குப் போன் பேசும்போது அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பேசியதே இல்லை.

அவர் திதியும் இதே மார்கழியில்தான் வருகிறது.

5

மறதிப் பரிசோதனைக்கு ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, அமைதியான முகம். மகள் மொழிபெயர்க்கக் கூடாதாம், எடுத்துக்கொடுத்துவிடுவாளாம். அதற்கென்று ஒரு அம்மாளைப் போனில் கூப்பிட்டு, போனை மேசை நடுவில் வைத்தார்கள். வசந்தி என் பக்கத்தில் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் வந்தது யாழ்ப்பாணத்துத் தமிழ்.

“வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். இந்த அறையில ஆர் என்ன சொன்னாலும் அதை அப்பிடியே சொல்லுவன்.”

“அப்பிடியேன்னா? நான் திட்டுனாலுமா?”

“திட்டினாலும் சொல்லத்தான் வேணும், அம்மா.”

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

முதலில் பேர், ஊர், வருஷம். எல்லாம் சொன்னேன். அறைக்குள் ஏசி அடித்த அடியில் நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“இப்ப என்ன காலம் எண்டு டொக்டர் கேக்கிறா.”

“மார்கழி. பனிக்காலம்.”

போன் அதை இங்கிலீஷில் சொன்னது. டாக்டரம்மாவின் பேனா நின்றது. ஜன்னலுக்கு வெளியே கார்களின் மேல் வெயில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருங்க, இருங்க. எந்த ஊருக்குக் கேக்காங்க? எங்க ஊருன்னா பனி. இந்த ஊருன்னா வெயில். மாசம் ரெண்டு ஊருக்கும் மார்கழிதான். அதனாலதான் வடகமும் போட்டேன்.”

போனுக்குள் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். “எனக்கும் அப்பிடித்தான் அம்மா. இஞ்ச வந்து எவ்வளவு காலம்! இன்னும் மார்கழி எண்டா கை போர்வையைத்தான் தேடுது.” என்ன சிரிப்பு என்று டாக்டரம்மா கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார்கள். பேனா மறுபடியும் ஓடியது.

நாட்டின் பிரதமர் யார் என்றாள். எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். இரண்டு நாட்டுக்கும் சொல்லி, கேட்காமலே தமிழ்நாட்டு முதலமைச்சரையும் சேர்த்துச் சொன்னேன். யார் யாரோடு கூட்டணி என்று ஆரம்பித்தபோது டாக்டரம்மா போதும் என்று கையைக் காட்டினாள். நொறுக்குத் தீனி வீண்போகவில்லை.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். மூன்றாவது கழித்தலில் தடுமாறினேன். பள்ளிக்கூடத்திலும் அதே இடத்தில்தான் தடுமாறினேன். அப்போது யாரும் அதற்காக டிக்கெட் போடவில்லை. கடிகாரம் வரையச் சொன்னாள். நான் என்றைக்குக் கடிகாரம் வரைந்தேன்? கோலத்துக்கு வைக்கிற மாதிரி சுற்றிப் புள்ளி வைத்து நடுவில் இரண்டு கோடு இழுத்தேன். ஒரு கோடு நீளமாகப் போய்விட்டது. முதலில் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டாள்.

“கதவு. கடலு. இன்னொன்னு பழம். என்ன பழம்னு வரலை. நான் சுகர்காரி, பழத்தை நெனைக்கவே விடமாட்டா இவ.”

கடைசியில் ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினாள்.

“விரும்பின ஏதாவது ஒரு வசனம் எழுதச் சொல்லுறா, அம்மா. எதெண்டாலும் பரவாயில்லை.”

நான் ஒரு வரி எழுதிக் கொள்ளை நாளாகிறது. ஒவ்வொரு எழுத்தாக ஊன்றி எழுதினேன். போனில் இருக்கிறவளுக்குத் தாளைப் பார்க்க முடியாது. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இதை மட்டும் மகள் படித்துச் சொல்லட்டும் என்றார்கள். தாளை வசந்தியின் பக்கம் திருப்பினேன்.

அவள் பார்த்தாள். டாக்டரம்மா காத்திருந்தாள். பிறகு வசந்தி மெல்லப் படித்தாள்.

“என் மகளுக்குப் பயம்.”

போன் அதை இங்கிலீஷில் சொன்னது. டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, நாற்காலியை என்னிடமிருந்து வசந்தியின் பக்கம் திருப்பினாள். மெதுவாக ஏதோ கேட்டாள். அந்த அறையில் யார் என்ன சொன்னாலும் சொல்லத்தான் வேண்டும் என்பதால் போன் எனக்குச் சொன்னது.

“நீங்கள் எப்பிடி இருக்கிறியள் எண்டு டொக்டர் உங்கட மகளிட்டக் கேக்கிறா.”

வசந்தி இங்கிலீஷில் பேசினாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எனக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பதையெல்லாம் அவள் இங்கிலீஷில்தான் பேசுவது வழக்கம். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் மேசை நடுவிலிருந்து தமிழாகத் திரும்பி வந்தது.

“‘ஒவ்வொரு நாளும் வேலையால வந்து கதவைத் திறக்கேக்க, இண்டைக்கு அம்மா என்னை ஆர் எண்டு கேட்டிடுவாவோ எண்டு பயமாக் கிடக்கு. அப்பா கேட்டவர். அம்மாவும் கேட்டா என்னால தாங்கேலாது. ஊருக்கு அனுப்பினா, அதை நான் நேரில பாக்கத் தேவையில்லை’ எண்டு உங்கட மகள் சொல்லுறா.”

சொல்லிவிட்டுப் போனும் மூக்கை உறிஞ்சியது.

நான் வசந்தியின் கையைப் பிடித்தேன். “ஏட்டி, நீ வசந்தி. சின்ன வயசுல காயாத வடகத்தைத் திருடித் தின்னு வயித்த வலின்னு கெடந்தவ. போதுமா? இதையும் அவங்களுக்குச் சொல்லுங்கம்மா” என்றேன் போனைப் பார்த்து.

போன் சொன்னது. டாக்டரம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு வசந்தி, அழுதுகொண்டே.

இப்போதைக்கு ஞாபகத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும் என்றார்கள். வெயில் எச்சரிக்கை நாளில் வெளியே உட்காரக் கூடாது என்பதை மட்டும் டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

6

காரில் வரும்போது வசந்தி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என்னைக்காவது அப்பிடி ஆச்சுன்னா என்னம்மா செய்ய?”

“ஆனா ஆகட்டும். அப்ப நீ அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டே வா. இந்த நர்ஸம்மா நல்லா நம்ம ஊருப் பேச்சு பேசுதேன்னு நானும் சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும் நான் சீனியம்மா, நீ எம் மக. டிக்கெட்டை என்ன செய்யப் போற?”

“பொறவு பாப்போம்.”

இந்தப் ‘பொறவு பாப்போம்’ வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட்டை ரத்து செய்தாள். எனக்கும் நிபந்தனைகள் போட்டாள். எச்சரிக்கை நாளில் வெயில் ஏறுமுன்னே உள்ளே வந்துவிட வேண்டும். மத்தியானம் அவள் கூப்பிடும்போது போனை எடுக்க வேண்டும். தண்ணீர்ப் பாட்டில் கூடவே இருக்க வேண்டும். மூன்றுக்கும் சரி என்றேன். என் பங்குக்கு ஒன்று போட்டேன். அவள் சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அடுத்து வந்த அவளுடைய லீவு நாளில் இரண்டு பேரும் இருட்டோடு எழுந்து கூழ் காய்ச்சினோம். வசந்தி ஊற்றிய வடகம் ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் கோணல்மாணலாக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாள். மீராவைத் தட்டி எழுப்பிக் கிளி விரட்ட உட்கார வைத்தோம். வெயில் ஏறியதும் நான் உள்ளே வந்து ஜன்னல் வழியாக அதிகாரம் பண்ணினேன். எலேனி அழைக்காமலே குழாயோடு வந்துவிட்டாள். எலேனி காப்பாற்றித் தந்த முதல் வடகத்தைப் பொங்கலன்று பொரித்து அவளுக்கு ஒரு தட்டு கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டுக் கிரேக்கத்தில் நெடுநேரம் புகழ்ந்தாள். இல்லை, உப்பு கூடிவிட்டது என்று சொன்னாளோ என்னவோ. தட்டு காலி.

பொங்கலுக்கு மறுநாள் ரெங்கம்மா மறுபடியும் போனைப் போட்டாள். பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேரின் தலை தெரிந்தது. வடகக் கதையைக் கேட்கக் கூட்டமாக வந்திருந்தார்கள்.

“டாக்டரு என்ன சொன்னாரு சீனி?”

“டாக்டரம்மாட்டி. எனக்கு ரெண்டு ஊருக்குச் சேத்துப் புத்தி இருக்காம். ஒரு ஊருக்கு மட்டும் வச்சிருக்கிறவங்கதான் கொஞ்சம் கவனமா இருக்கணுமாம். ஒன்னையத்தான் நெனைச்சேன்.”

“அப்ப ஆம்புலன்ஸ் எதுக்கு வந்துச்சு?”

“வடகத்துக்குக் காவலுக்கு. நம்ம ஊர்ல காக்கா வெரட்டக் கவர்மெண்டு ஆள் அனுப்புமா? இங்க ஒரு போன் போட்டாப் போதும். ரெண்டு பேரு வாராங்க, வண்டியோட.”

பின்னால் இருந்த தலைகளில் ஒன்று “அப்பிடியா!” என்றது. ரெங்கம்மா மட்டும் நம்பவில்லை. அவள் எங்கே நம்பினாள்?

“சரிட்டி, பொங்கலும் கழிஞ்சிருச்சு. ஊருக்கு வாரன்னு ஒம் மகன் சொன்னான். எப்ப வார?”

“போட்ட வடகம் காயட்டும், வாரேன்.”

“இன்னுமா காயலை?”

“எங்கட்டி காயும்? இங்க ஒரே மழை” என்று சொல்லிவிட்டு, கண் கூசிய வெயிலுக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.